டிக்கெட்டில் தெரியாத மணிக்கணக்கு

டெல்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். பேரக் குழந்தையைப் பார்க்கப் புறப்படும் பெரியவர்கள், மாத்திரை, இன்சுலின் வேளையைக் கணக்கிட டிக்கெட்டில் உள்ள நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு பிசகும். அதனால் தூரம், காற்று, கடிகாரம் ஆகிய மூன்றையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் தூரம். ரயிலுக்குத் தண்டவாளம் போகும் வழியே வழி. புதுடெல்லியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு இருப்புப்பாதை தூரம் சுமார் 2,180 கி.மீ. விமான நிலையங்களுக்கு இடையே நேர்த்தூரம் சுமார் 1,760 கி.மீ. தான். டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேர்த்தூரம் சுமார் 12,400 கி.மீ. ஒரு பூகோள உருண்டையில் இவ்விரு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். அது சைபீரியாவையும் ஆர்க்டிக் கடலையும் கடந்து அலாஸ்கா வழியாக இறங்கும். அதுவே மிகக் குறுகிய வழி.

அடுத்து காற்று. ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. 12,400-ஐ 900-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13¾ மணி. ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசுகிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்த விமானத்தை அட்லாண்டிக் வழிக்குப் பதிலாகப் பசிபிக் வழியாக விட்டது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 கி.மீ. ஆகக் கூடியது. பயண நேரமோ ஏறக்குறைய 2 மணி குறைந்தது! பின்காற்று செய்த உதவி அது.

மூன்றாவது கடிகாரம். டெல்லிக்கும் சென்னைக்கும் ஒரே கடிகாரம். சான் பிரான்சிஸ்கோ கடிகாரமோ குளிர்காலத்தில் நம்முடையதைவிட 13½ மணி பின்தங்கியது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12½ மணி. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும்.

ஓர் உதாரணம். ஜனவரியில் டெல்லியில் காலை 4 மணிக்குப் புறப்பட்டு, அங்கே அதே நாள் காலை 6 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 2 மணி. 13½ கூட்டினால் உண்மையில் 15½ மணி. திரும்பும்போது அங்கே காலை 10 மணிக்கு ஏறி, மறுநாள் பிற்பகல் 3.30-க்கு டெல்லி. பார்வைக்கு 29½ மணி. 13½ கழித்தால் 16 மணி. ஆக, போகும்போது கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். நடுவில் விமானம் மாறினாலும் இதே கணக்குதான். காத்திருக்கும் நேரமும் அதில் அடங்கிவிடும்.

இந்த உண்மையான மணிக்கணக்கை ஒரு தாளில் எழுதி, புறப்படுமுன் டாக்டரிடம் காட்டி மருந்து வேளையைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளும் மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.