எண்ணெய்ப் பிரேக்கும் காற்றுப் பிரேக்கும்

நீலகிரியில் விளையும் உருளைக்கிழங்கும் காரட்டும் மலைப்பாதை வழியே மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்குகின்றன. இவற்றை ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகளில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிரேக்கும், பெரிய லாரிகளில் காற்றுப் பிரேக்கும் அமைந்திருக்கும். இறக்கத்தில் இவ்விரண்டும் ஒரே விதமாய்ப் பழுதடைவதில்லை. ஆகையால் வண்டி வைத்திருக்கும் குடியானவர்கள் இவற்றின் வேற்றுமையை அறிந்திருத்தல் அவசியம்.

எண்ணெய்ப் பிரேக்கில் மிதிகட்டையை அழுத்தியதும், உருளையிலுள்ள எண்ணெய் குழாய்களின் வழியே தள்ளப்பட்டுச் சக்கரங்களிலுள்ள பிஸ்டன்களை நகர்த்தும். திரவம் அமுக்கத்தால் சுருங்காதாகையால் கால் வைத்த கணமே பிரேக் பிடிக்கும். ஆனால் இவ்வெண்ணெய் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 எனும் தரத்து எண்ணெய், புதிதாயிருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கொதிக்கலாகாதென்பது விதி. ஈரமேறிய நிலைக்கு விதித்த எல்லையோ 140 டிகிரிதான். நெடிய இறக்கத்தில் ஓயாமல் பிரேக் மிதித்தால் சூடு மிகுந்து எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி சுருங்கும் தன்மையது. ஆதலின் மிதிகட்டை பஞ்சில் அமிழ்ந்தாற்போல் இறங்கும், வண்டி நிற்காது. இக்காலத்தில் குழாய்களை இரு பிரிவாய் அமைப்பதால் ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று ஓரளவு உதவும். கொதிப்பிற்கு அது பரிகாரமன்று. குறைந்த எண்ணெய்க்கு ஈடாக, கையில் அகப்பட்ட இஞ்சின் எண்ணெயை ஊற்றுவோரும் உளர். அதனால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும்.

காற்றுப் பிரேக்கில் கால் செய்வது வால்வைத் திறப்பது மட்டுமே. இஞ்சினால் ஓடும் பம்பு, சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 முதல் 120 ராத்தல் அமுக்கத்தில் காற்றைத் தொட்டிகளில் நிரப்பி வைக்கும். சக்கரத்தைப் பிடிப்பது அக்காற்றின் பலம். பின்னால் இழுக்கும் டிரெய்லருக்கும் குழாயை எளிதில் மாட்டவும் கழற்றவும் கூடும்.

காற்று ஒழுகிவிட்டால் என் செய்வது? 1869-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்கென அமைத்த முதற் காற்றுப் பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக்கே இராது. 1872-ல் அவர் முறையை மாற்றி, காற்றுக் குறைந்தால் பிரேக் தானே பிடிக்குமாறு செய்தார். இக்கால லாரிகளின் பின்சக்கரங்களில் வலிய ஸ்பிரிங் உண்டு. அதைக் காற்றே அடக்கி வைத்திருக்கும். காற்று வெகுவாய்க் குறைந்தால் ஸ்பிரிங் விடுபட்டுச் சக்கரத்தைப் பற்றும். எனினும் சூட்டினால் லைனிங் வலுவிழப்பதை இது தடுக்காது. அடிக்கடி மிதித்து விடுவதால் தொட்டிக் காற்றும் விரைவில் செலவாகும்.

தொட்டியடியில் தேங்கும் நீரை நாள்தோறும் திறந்து வடித்தல் வேண்டும். எந்தப் பிரேக்காயினும், இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியரில் மாற்றி, இஞ்சினின் தடையால் வேகத்தை அடக்கிக்கொண்டே இறங்குக.