விலையில்லாதது வேறு, தளையில்லாதது வேறு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதேனும் ஒரு லேத் பட்டறைக்குள் நீங்கள் நுழைந்து பார்த்ததுண்டா? எண்ணெய் மணமும் சுருள் சுருளான இரும்புச் சீவல்களும் நிறைந்த அந்த இடத்தில், புதிய வேலை ஒன்று வந்தவுடன் டர்னர் இரும்பைத் தேட மாட்டார். 'டிராயிங் எங்கே?' என்றுதான் முதலில் கேட்பார்.

டிராயிங் இல்லை, செய்து முடித்த ஒரு தண்டு மட்டும் மாதிரிக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அதன் விட்டம் 25.02 மில்லிமீட்டர் என்று காட்டுகிறது. இதை வடிவமைத்தவர் விரும்பிய அளவு 25.02 தானா? அல்லது 25 என்று குறித்து, சிறிது கூடினாலும் குறைந்தாலும் போகட்டும் என்று விட்டாரா? எந்த வகை எஃகு? சூடேற்றிக் கடினப்படுத்தியதா? இந்தக் கேள்விகளுக்குத் தண்டு வாய் திறக்காது. டிராயிங் ஒரே பார்வையில் சொல்லிவிடும். பொருள் கையில் இருப்பதும், அதைப் பற்றிய அறிவு கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை நாற்பது ஆண்டுகள் லேத்தில் நின்ற என் தந்தையிடம் நான் கற்றுக்கொண்டேன். அவருடைய குறிப்புகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கணிப்பொறியில் ஓடும் மென்பொருளுக்கும் இவ்வாறு இரண்டு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதிப் படிப்பது மூலநிரல். அதை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றிய, வெறும் எண்களின் வரிசையாக உள்ள வடிவம் இயந்திர நிரல். முன்னது டிராயிங், பின்னது தண்டு.

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். செல்சியசை ஃபாரன்ஹீட்டாக மாற்ற, 9 ஆல் பெருக்கி, 5 ஆல் வகுத்து, 32 ஐக் கூட்ட வேண்டும். ஒருவர் தவறுதலாக 32 க்குப் பதில் 30 என்று எழுதிவிட்டார். நீர் கொதிக்கும் 100 பாகை செல்சியசுக்கு அந்த நிரல் 212 என்று சொல்லாமல் 210 என்று சொல்லும். மூலநிரல் உங்களிடம் இருந்தால், ஓர் எண்ணை மாற்றினால் போதும்; அரை நிமிட வேலை. இயந்திர நிரல் மட்டும் இருந்தால், ஆயிரக்கணக்கான எண்களுக்கு நடுவே எந்த 30 குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கண்டுபிடித்தாலும், அதைத் தொடக்கூடாது என்று உரிம ஒப்பந்தம் தடுத்தால்?

அச்சுப்பொறியில் சிக்கிய காகிதம்

இந்தக் கேள்வி ஒருவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர்தான் அவர். ஆய்வகத்தின் பழைய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால், காத்திருப்போருக்கு உடனே செய்தி போகும்படி அவர் நிரலைத் திருத்தியிருந்தார். 1980 ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. ஆனால் மூலநிரல் வரவில்லை. அது வேறொரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரிடம் இருப்பதை அறிந்து, நேரில் சென்று கேட்டார். 'யாருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்' என்பதே கிடைத்த பதில்.

1983 செப்டம்பர் 27 அன்று, யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய ஒரு முழு இயங்குதளத்தை எழுதப்போவதாக ஸ்டால்மன் அறிவித்தார். அதற்குக் 'குனு' என்று பெயர். 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உருவாயிற்று. 1991 இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டு, அடுத்த ஆண்டே அதைக் குனு உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் ஆனது.

கட்டற்ற மென்பொருளுக்கு இலக்கணம் நான்கு உரிமைகள். எந்த நோக்கத்துக்கும் அதை ஓட்டலாம். அது எவ்வாறு வேலை செய்கிறது என்று படித்து, வேண்டியபடி மாற்றலாம். படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றிய வடிவத்தையும் கொடுக்கலாம். இவற்றை 1 முதல் அல்ல, 0 முதல் 3 வரை எண்ணுகிறார்கள். கணிப்பொறிக்காரர்கள் எண்ணத் தொடங்கும் இடமே அதுதான்!

இதில் விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால், அவர்கள் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை.

2011 செப்டம்பர் 15 அன்று, நம் ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழக அரசின் 'விலையில்லா மடிக்கணினி' திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ்; மற்றொன்று சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் லினக்ஸ். மாணவருக்கு இரண்டுமே விலையில்லாதவைதாம். ஆனால் ஒன்றின் டிராயிங் பூட்டிய பெட்டியில் இருந்தது. மற்றொன்றின் டிராயிங் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

ஒரு மாத விரதம்

என் அக்கா மகளுக்குக் கிடைத்த அத்தகைய மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தது. ஒரு மாதம் அதில் கட்டற்ற மென்பொருள் தவிர வேறெதையும் ஓட்டுவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

விரதத்தில் பழம் மட்டும் உண்பவர் உண்டு, தண்ணீரும் தொடாதவர் உண்டு அல்லவா? இதிலும் அப்படித்தான். உபுண்டு, பாஸ் போன்றவை பெரும்பாலும் கட்டற்றவை. ஆயினும், சில கருவிகளை இயக்குவதற்காக மூடிய நிரல்களுக்கும் இடம் தருகின்றன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்கும் பட்டியலில் அவை இல்லை. பட்டியலில் உள்ள 'டிரிஸ்குவெல்' என்பதை நிறுவினேன். எழுத லிபர் ஆபீஸ், இணையம் பார்க்க உலாவி, படம் வரைய கிம்ப் எல்லாம் ஒழுங்காக ஓடின. கம்பியில்லா இணைப்பு மட்டும் செத்துக் கிடந்தது.

ஏன்? அந்த இணைப்பு அட்டைக்குள் ஒரு சிறு கணிப்பொறியே இருக்கிறது. மடிக்கணினியைத் திறக்கும்போதெல்லாம் அதற்குள் ஒரு நிரலை ஏற்ற வேண்டும். இதை ஃபர்ம்வேர் என்பார்கள். என் அட்டைக்குரிய ஃபர்ம்வேருக்கு மூலநிரல் வெளியிடப்படவில்லை. டிரிஸ்குவெல் அதை ஏற்ற மறுத்துவிட்டது. மின்விசிறிக்கு மின்சாரம் இருந்தும் ரெகுலேட்டர் பூட்டப்பட்டது போன்ற நிலை!

ஒரு வாரம் வடத்தைச் செருகி ஓட்டினேன். பின்னர் அம்பத்தூரில் ரயிலேறி, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஏ.ஆர். 9271 என்னும் சில்லுள்ள சிறு யு.எஸ்.பி. கருவியைத் தேடினேன். அந்தச் சில்லின் ஃபர்ம்வேர் 2013 இல் மூலநிரலோடு வெளியிடப்பட்டது. இரண்டு கடைக்காரர்கள் 'இதைவிட வேகமானது இருக்கே சார்!' என்று ஆச்சரியப்பட்டார்கள். மூன்றாமவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

போகும்போது இன்னொரு சந்தேகம் எழுந்தது. ரயில் சீட்டு எடுக்கும் செயலி மூடிய நிரல். ஆகவே சன்னலில் நின்று வாங்கினேன். சன்னலுக்கு அப்பால் இருந்த கணிப்பொறியில் ஓடியதும் மூடிய நிரலாக இருக்கலாமே, விரதம் கெட்டுவிட்டதா? இல்லை என்றே நினைக்கிறேன். அது ரயில்வேயின் கணக்கு வேலை. என் வேலையை என் கருவியில் செய்யும் நிரல் யாருக்குக் கீழ்ப்படிகிறது என்பதே என் கேள்வி. மளிகைக் கடையில் கைக்காசு கொடுத்தேன். கைப்பேசியில்தான் தோற்றேன்: எஃப்-டிராய்டு என்னும் களஞ்சியத்தில் நல்ல கட்டற்ற செயலிகள் கிடைக்கின்றன, ஆனால் கோபுரத்தோடு பேசும் மோடத்தின் உள்நிரல் மூடியதே. கைப்பேசியை அணைத்து வைக்க என் வீட்டார் சம்மதிக்கவில்லை.

மடிக்கணினியின் அடிமட்டத்திலும் ஒரு பூட்டு உண்டு. விசையை அழுத்தியவுடன் முதலில் விழிக்கும் பயாஸ் என்பதும் ஒரு நிரல்தானே! அதுவும் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஸ்டால்மன் சில ஆண்டுகள் சீனாவில் செய்த லெமோட் என்னும் சிறு மடிக்கணினியையும், பின்னர் பழைய திங்க்பேடு வகைகளையும் பயன்படுத்தினார். சில்லின் வடிவமைப்பையே திறந்து வைப்போரும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' செயலியின் வடிவமைப்பு மூலம் எல்லோருக்கும் திறந்தது. 2018 இல் அதன் சில்லு ஒன்று சண்டிகரில் வார்க்கப்பட்டது.

இத்தனை தொல்லை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாம் வாரம் வரை நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

தந்தையின் குறிப்புகள்

என் தந்தை ஓய்வு பெற்றபோது, 1998 இல், பட்டறை அனுபவங்களை நாற்பது பக்கம் எழுதி, அச்சுக்கோப்பு மையம் ஒன்றில் கொடுத்துச் சிறு புத்தகமாக்கினார். வீட்டிலிருந்த படிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூழாயின. அவரும் இப்போது இல்லை. எஞ்சியது ஒரு குறுந்தகட்டில் இருந்த கோப்பு மட்டும். அதை உருவாக்கிய பக்க வடிவமைப்பு மென்பொருள் விற்பனையிலிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் கோப்பு அமைப்பும் வெளியிடப்படவில்லை. எழுதியவர் என் தந்தை. சாவி மட்டும் வேறொருவரிடம்!

குனுவின் கருவிகளில் 'ஸ்டிரிங்ஸ்' என்று ஒன்று உண்டு. எந்தக் கோப்பிலிருந்தும் எழுத்தாகப் படிக்கக்கூடிய துண்டுகளை அது சலித்து எடுக்கும். ஓட்டினேன். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள், பொருளே இல்லாமல்! ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஒரு வரிசை அடிக்கடி வந்தது. சற்று யோசித்தபின் விளங்கியது. அது 'தமிழ்' என்னும் சொல்.

அக்காலத்துப் பாமினி போன்ற எழுத்துருக்கள் செய்த தந்திரம் இதுதான். கணிப்பொறி சேமிப்பது ஆங்கில 'ஜே' யின் எண்ணை. எழுத்துரு மட்டும் அந்த இடத்தில் 'த' வின் உருவத்தை வரையும். எழுத்துரு போனால் தமிழும் போயிற்று. யுனிகோடு முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண்: 'அ' வுக்கு 2949, 'க' வுக்கு 2965. அந்த அட்டவணை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடப்பட்டது.

ஆகவே வேண்டியது ஒரு மாற்றி. பிளஸ் டூ கணிப்பொறி அறிவியல் பாடத்தில் வரும் பைத்தான் மொழியிலேயே எழுதினேன். 'ஜே' க்கு 'த', 'எஃப்' க்கு 'க' என்று அட்டவணை போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பாமினியில் 'கெ' எழுத, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு 'க'. யுனிகோடில் ஒலிக்கும் வரிசைப்படி முதலில் 'க', பிறகு கொம்பு. நிரல் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். 'கொ' வில் கொம்பும் காலும் இரு பக்கமும் நிற்பதால், மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்து ஓட்டியதும் என் தந்தையின் முதல் வரி திரையில் வந்தது. டிராயிங்கைக் கேட்காமல் லேத்தைத் தொடாதே என்று தொடங்கியிருந்தார். சிறிது நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை.

மூன்றாம் வரியில் ஒரு பிழை. 'தெளிவு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'த' வுக்கு ஔகாரக் குறி ஏறி, பின்னால் ஓர் இகரக் குறி அநாதையாகத் தொங்கியது. 'வெள்ளி' யும் அப்படியே சிதைந்திருந்தது. காரணம் என்ன? 'கௌரவம்', 'மௌனம்' ஆகியவற்றில் வரும் ஔகாரத்தின் பின்பகுதியும், 'ள' என்னும் எழுத்தும் பாமினியில் ஒரே விசை, ஒரே எண். கொம்பு, ஒரு மெய், அடுத்து 'ள' என்று மூன்றும் தொடர்ந்து வந்தாலே என் நிரல் அதை ஔகாரம் என்று முடிவு கட்டிவிட்டது.

'ள' வுக்கு அடுத்து எது வருகிறது என்று பார்த்தால் இதைத் தீர்க்கலாம். 'தெளிவு' இலும் 'வெள்ளி' யிலும் 'ள' வை அடுத்து என்ன இருக்கிறது? 'மௌனம்' இல் என்ன இருக்கிறது? ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டு, நிரலுக்குரிய விதியை நீங்களே வகுத்துப் பாருங்கள். வகுத்தபின் 'வௌவால்' என்ற சொல்லிலும் அதைச் சோதியுங்கள்.