பிரஷர் கருவியும் கைபேசியும்

வீட்டுக்கு டிஜிட்டல் பிரஷர் கருவி வாங்கினால், மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டுவதே நல்லது. கேமராவில் விரல் வைத்தால் பிரஷர் சொல்லும் செயலிகளை நம்பவே வேண்டாம்.

காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை பார்த்து, தேதி நேரத்தோடு கைபேசியில் குறியுங்கள். கூடுதலாக வந்த எண்ணை அழித்துவிடாதீர்கள். டாக்டர் பார்க்க வேண்டியதே அதுதான்.

அவரிடம் போகும் முன் ஒரு வாரம், காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் பார்த்தால் போதும். சராசரி 135/85-ஐத் தாண்டினால் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள், நிறுத்தாதீர்கள். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் அல்லது பேச்சுக் குழறலும் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.