கிணற்றை அளந்தவர்களின் கூட்டம்

கேள்வி: எங்கள் விவசாயிகள் குழு கூடினால் பேச்சுதான் மிஞ்சுகிறது. வரும் பருவத்துக்கான இலக்கை நாங்களே வகுக்க முடியுமா?
– வாசகர், சித்தூர்

பதில்: முடியும். உங்கள் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆதரவுடன், 2000-களில் சித்தூர் உட்பட 7 வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் நடந்தது. மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் அவர்களே அளந்து குறித்தார்கள். ரபி எனும் குளிர்காலப் பருவத்துக்கு முன் கூடி, இருக்கும் நீரையும் பயிர்கள் கேட்கும் நீரையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். இன்னதைத்தான் பயிரிட வேண்டும் என்ற கட்டளை இல்லை. கணக்கைப் பார்த்து அவரவர் முடிவெடுத்தார்கள். பலர் நெல்லைக் குறைத்தார்கள்.

உங்கள் குழுவும் இதே போன்ற கணக்கிலிருந்து இலக்கை வகுக்கலாம். கூட்டத்தை நடத்துபவர் அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்க எழுதட்டும். பேசாதவர்களை முதலில் கேட்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் கிணறுகளை அளந்துவிடுங்கள்.