குட்டி கேமராவுக்குக் கூடை நிறைய சாமான் எதுக்கு?

முதல்ல அந்த ஆன்லைன் கார்ட்டைக் காலி பண்ணு. "30 இன் 1 கிட்"னு பார்த்ததும் கை பரபரக்கும், தெரியும். அதுல பாதி, ஹெல்மெட்டுலயும் சைக்கிள் ஹேண்டில்பார்லயும் மாட்டற ஆக்‌ஷன் கேமரா கிளிப்புங்க. அந்தப் பாதி உன் பாக்கெட் கேமராவுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அப்பா பீரோவுல தூங்கிட்டிருந்த பழைய கேனான் ஐக்சஸோ, ஆசைப்பட்டு வாங்கின புது ரிக்கோ ஜிஆரோ, எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். பையில அடங்கறதுதான் அதோட பெருமை. நீ வாங்கி மாட்டற சாமான் அதைப் பையை விட்டு வெளிய தள்ளிடுச்சுன்னா, கொஞ்ச நாள்ல கேமரா வீட்டுல கிடக்கும், நீ போன்ல படம் எடுத்துட்டிருப்பே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆகிடக் கூடாது பாரு.

கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கேமராவைத் தலைகீழாத் திருப்பு. அடியில இருக்கிற மாடல் பேரையும் பேட்டரி மேல இருக்கிற எண்ணையும் போன்ல படம் பிடிச்சு வச்சுக்கோ. "சில்வர் கலர் கேனான் அண்ணா"ன்னு கேட்டா எந்தக் கடைக்காரராலயும் சரியானதை எடுத்துத் தர முடியாது. சென்னையில ரிச்சி தெருவுக்குப் போறதா இருந்தா கேமராவையே எடுத்துட்டுப் போ. மாட்டிப் பார்த்துட்டு அப்புறமா பணத்தை எடு.

1. முதல் செலவு பேட்டரிக்கு

எண்ணுல ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. கேனான்ல என்பி-4எல் வேற, என்பி-5எல் வேற. சோனி ஆர்எக்ஸ்100 வரிசைக்கு என்பி-பிஎக்ஸ்1. அந்தக் கம்பெனி பேட்டரியில 1240 எம்ஏஹெச்னு போட்டிருக்கும். அதே அளவுல, பேர் தெரியாத ஒண்ணுல 2000னு போட்டிருந்தா, அந்தக் கூடுதல் சக்தி ஸ்டிக்கர்ல மட்டும்தான் இருக்கு. பெருசா புளுகாம எண்ணைப் போடற கம்பெனியோடதா பார்த்து வாங்கு. பத்து வருஷத்துக்கு முந்தின மாடலுக்கு 'ஒரிஜினல் பேட்டரி'ன்னு ஒருத்தர் தந்தா, தயாரிச்ச தேதியைக் கேளு. கிடங்குலயே கிடந்து செத்ததா இருக்கலாம்.

கேமராவோட வந்த பழைய பேட்டரியைச் சமமான மேஜையில படுக்க வச்சுச் சுண்டி விட்டுப் பாரு. பம்பரமா சுத்துச்சுன்னா வயிறு உப்பியிருக்கு. சார்ஜ் போடாதே, கேமராவுக்குள்ள திணிக்காதே, ஊசியால குத்தவும் கூடாது. இ-வேஸ்ட் வாங்கற இடத்துல கொடுத்துடு.

ஏஏ செல் போடற மாடலா? சுவர்க் கடிகாரத்துக்குப் போடற சாதா செல்லைப் போட்டுட்டு "கேமரா ரிப்பேர்"னு அழாதே. லென்ஸ் வெளிய வர்றதுக்கே அந்த செல்லுக்குத் தெம்பு போதாது. எனலூப் மாதிரி ரீசார்ஜ் பண்ற நிக்கல் செல் வாங்கு. அதுல 1.2 வோல்ட்னுதான் போட்டிருக்கும், பயப்படாதே, இழுக்கிற கரண்ட்டைத் தாங்கும். புதுசும் பழசும் கலந்து போடாதே.

விமானத்துல போறியா? ஸ்பேர் லித்தியம் பேட்டரி கையில எடுத்துட்டுப் போற பையிலதான் இருக்கணும், செக்-இன் பெட்டியில வைக்கக் கூடாது. சாவி, சில்லறையோட உரசாம இருக்க அதோட முனையில ஒரு துண்டு டேப் ஒட்டிடு.

2. கார்டு: பெருசு வாங்கினா புத்திசாலின்னு அர்த்தம் இல்ல

2 ஜிபி வரைக்கும் எஸ்டி, அதுக்கு மேல 32 வரைக்கும் எஸ்டிஹெச்சி, அதுக்கும் மேல எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஹெச்சி வந்ததே 2006ல. அதுக்கு முந்தின கேமராவுல 64 ஜிபி கார்டைப் போட்டா "கார்டு எரர்"னுதான் சொல்லும். கார்டையும் குத்தம் சொல்லாதே, கேமராவையும் சொல்லாதே. ரெண்டும் வேற வேற காலத்துல பிறந்தது. கேமராவோட கார்டு மூடிகிட்ட எஸ்டிஹெச்சின்னு எழுதியிருந்தா 32 ஜிபியோட நில்லு. எஸ்டின்னு மட்டும் இருந்தா 2 ஜிபியைத் தேடு.

பழைய ஒலிம்பஸ், ஃபுஜி வாங்கப் போறியா? கார்டு இல்லாம வெறும் கேமராவை மட்டும் வாங்காதே. சில மாடல்ல எக்ஸ்டி பிக்சர் கார்டுதான் போகும். இப்போ அது புதுசா வர்றதில்ல. தேடிப் பிடிக்கிற விலையில இன்னொரு கேமரா வாங்கிடலாம்.

கார்டைக் கேமராவுலயே ஃபார்மட் பண்ணு, கம்ப்யூட்டர்ல வேண்டாம். கேபிள் காணோம்னு அலையாதே. ஒவ்வொரு கம்பெனியும் அந்தக் காலத்துல ஒவ்வொரு வாய் வச்சிருந்தாங்க. போன்ல நேரா சொருகற கார்டு ரீடர் ஒண்ணு வாங்கினா எஸ்டி கார்டு போடற எல்லாக் கேமராவுக்கும் அது போதும்.

3. கைக்கயிறு

இதுக்குப் பெரிசா சொல்ல ஒண்ணும் இல்ல, போடு. கழுத்துல மாட்டற நீளப் பட்டை குட்டி கேமராவை ஊஞ்சலாட்டி மேஜை விளிம்புல இடிக்க வைக்கும். மணிக்கட்டுக் கயிறு போதும். சாவி வளையத்தை நேரா கேமராவுல கோர்க்காதே, உடம்பெல்லாம் கீறல் விழும். நடுவுல ஒரு நைலான் நூல் இருக்கட்டும்.

4. ட்ரைபாட்: போனுக்கு வாங்கினதே போதும்

அடியில இருக்கிற திருகுத் துளை உலகம் முழுக்க ஒரே அளவு: கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. போன் ட்ரைபாட்ல அந்தப் பிடியைக் கழட்டினா பெரும்பாலும் அதே திருகு நிக்கும். உன் கேமரா பெரும்பாலும் 130 கிராம்ல இருந்து 300 கிராம் வரைக்கும்தான் இருக்கும். அதுக்கு மூணு கிலோ ட்ரைபாடைத் தூக்கிட்டு மலையேறாதே.

ட்ரைபாடே வேண்டாம்னா ஒரு வழி இருக்கு. ஹார்ட்வேர் கடையில கால் இஞ்ச் போல்ட்டு ஒண்ணு, அதுக்கு ஒரு நட்டு, வாஷர் வாங்கு. தலைப்பக்கம் உன் முகத்துல இருந்து தரை வரைக்கும் எட்டற கயிறைக் கட்டு. போல்ட்டைக் கேமராவுல முடுக்கி, கயிறைக் காலால மிதிச்சு, மேல விறைப்பா இழுத்துப் பிடிச்சுப் படம் எடு. கை நடுக்கம் எவ்வளவு குறையுதுன்னு பாரு. மியூசியத்துல ட்ரைபாடைத் தடுப்பாங்க, கயிறை யாரு தடுக்கப் போறா?

ரெண்டு எச்சரிக்கை. கடைக்காரர் "ஆறு எம்எம்தான் இருக்கு, அதுவும் இதுவும் ஒண்ணுதான்"னு எம்6 போல்ட்டைக் கையில திணிப்பார். ஒண்ணு இல்ல. கால் இஞ்ச்னா 6.35 மில்லிமீட்டர், மரையோட இடைவெளியும் வேற. ரெண்டு சுத்து போகும், அப்புறம் இறுகும், நீ பலம் போட்டுத் திருப்புவே, துளை கெட்டுப் போகும். அடுத்தது நீளம். போல்ட்டு முனை அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல உள்ள போக விடாதே, நட்டையும் வாஷரையும் வச்சுத் தடு. அடியில முட்டினதுக்கு அப்புறமும் திருப்பினா கேமராவோட அடித்தட்டு பிளந்துக்கும்.

மேஜை மேலயோ சுவர் மேலயோ வைக்கணும்னா தைச்ச துணிப்பையில பச்சைப்பயறு போட்டுக்கோ. கேமராவை அதுல அமுக்கி வை, ரெண்டு செகண்ட் டைமரைப் போடு. தனியா ரிமோட் வாங்காதே.

5. ஃபில்டர்: இங்கதான் காசு ஓட்டையாப் போகுது

பெரிய கேமராவுல லென்ஸ் முனையிலயே மரை இருக்கும். உன்னோடதுல பெரும்பாலும் இருக்காது. அதனால வாங்கறதுக்கு முன்னாடி உன் கேமரா எந்த ரகம்னு தெரிஞ்சுக்கோ.

கேனான் ஜி12 மாதிரி சிலதுல, லென்ஸைச் சுத்தி இருக்கிற வளையம் பக்கத்துல இருக்கிற குட்டி பட்டனை அமுக்கித் திருப்பினா கழண்டு வரும். அங்க 58 மில்லிமீட்டர் அடாப்டர் மாட்டலாம். ரிக்கோ ஜிஆர் 3க்கு ஜிஏ-1னு அடாப்டர் இருக்கு. ஒலிம்பஸ் டஃப் டிஜி-6க்கு சிஎல்ஏ-டி01, அதுல 40.5 மில்லிமீட்டர் மரை. இதெல்லாம் சுகமான ரகம். கம்பெனியே வழி விட்டிருக்கு.

வழி இல்லாத ரகத்துக்கு ஒட்டற வளையம் விக்கறாங்க. ஆர்எக்ஸ்100 வரிசைக்கு சோனியே 49 மில்லிமீட்டர்ல ஒண்ணு கொடுத்திருக்கு. காந்தத்துல ஒட்டறதும் உண்டு. ஒட்டறதுக்கு முன்னாடி அதே அளவுல அட்டையில ஒரு வளையம் வெட்டு. லென்ஸ் முனையில டேப் லேசா ஒட்டி அதை நிறுத்து. லென்ஸ் உள்ள போகும்போது உடம்புல முட்டுதா? தானா மூடற அந்த இதழ்கள் சரியா மூடுதா? விரிஞ்ச பார்வையில படத்தோட நாலு மூலையும் கறுக்குதா? மூணும் சரின்னா வாங்கு. இதுக்கு ஆகிற செலவு ஒரு பிஸ்கட் அட்டை. இதைச் செய்யாம ஒட்டினா, லென்ஸ் மோட்டார் அடைபட்டு "லென்ஸ் எரர்"னு வந்து நிக்கும். அதைச் சரி பண்ற செலவுக்குப் பழைய கேமரா இன்னொண்ணு வரும்.

சரி, மாட்ட இடம் கிடைச்சாச்சு. என்ன ஃபில்டர்?

- யூவி ஃபில்டர் வேண்டாம். தானா மூடற லென்ஸுக்குக் காவலுக்கு ஆள் எதுக்கு? விளக்கு வெளிச்சத்துல பேய் மாதிரி வெளிச்சப் புள்ளிதான் கூடுதலா விழும்.
- வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடி மெனுவைத் திற. ஜிஆர் 3லயும், ஃபுஜி எக்ஸ்100 வரிசையிலயும் அது உள்ளயே இருக்கு. மெனுவைப் படிக்காம செலவு பண்றதுல நம்மளை மிஞ்ச ஆள் கிடையாது.
- போலரைசர் வாங்கலாம். குளத்து நீர், கண்ணாடி ஜன்னல், ஈர இலை மேல வர்ற பளபளப்பைக் குறைக்கும். ஆனா பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் தட்டுப் பளபளப்புக்கு இது மருந்து இல்ல. உலோகத்துல பட்டு வர்ற வெளிச்சத்தை அது தடுக்காது. நேரா நின்னு எடுத்தாலும் வேலை செய்யாது, சாய்வா நின்னு திருகிப் பாரு.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு குறுக்கு வழி. வீட்டுல போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருக்கா? அதை லேப்டாப் திரைக்கு முன்னாடி பிடிச்சுத் திருப்பினா, ஒரு கோணத்துல திரை கறுத்துப் போனா அது அசல். அதையே லென்ஸுக்கு முன்னாடி பிடிச்சு ரெண்டு படம் எடு. வித்தியாசம் பிடிச்சிருந்தா மட்டும் கடைக்குப் போ.

6. நகை, பூச்சி, பூ எடுக்கிறவங்களுக்கு

குட்டி கேமராவுல அந்தப் பூ படம் போட்ட பட்டன் இருக்கே, அதை அமுக்கினா விரிஞ்ச பார்வையில சில சென்டிமீட்டர் பக்கத்துல போய் எடுக்கும். முதல்ல அதைப் பயன்படுத்து. தொல்லை என்னன்னா, அவ்வளவு கிட்ட போனா கேமராவோட நிழலே நகை மேல விழும், பூச்சியும் பறந்துடும். அப்போதான் குளோஸ்அப் லென்ஸ். பிளஸ் 4 போட்டா சுமார் 25 சென்டிமீட்டர் தள்ளி நிக்கலாம், பிளஸ் 2ன்னா 50. ஜூமை முழுசா இழுத்து எடுக்கணும், இல்லேன்னா பிரயோஜனம் இல்ல. நாலு கண்ணாடி செட் வாங்காதே, நாலையும் அடுக்கினா ஓரமெல்லாம் கலங்கும். பிளஸ் 4 ஒண்ணு போதும். சும்மா ஆசைக்குன்னா பசங்க பள்ளிக்கூட பூதக்கண்ணாடியைப் பிடிச்சுப் பாரு.

7. ஃபிளாஷ்

முகம் வெள்ளையடிச்ச சுவர் மாதிரி வருதா? டிஷ்யூ பேப்பரை ஒரு மடிப்பு மடிச்சு ஃபிளாஷ் மேல ஒட்டு, போதலேன்னா இன்னொரு மடிப்பு. டிஃப்யூசர்னு தனியா விக்கறது இதையேதான் செய்யும்.

மேல ஃபிளாஷ் மாட்ட இடம் இருக்கிற கேனான் ஜி வரிசைக் கேமரா வச்சிருக்கிறவங்க கவனமாக் கேளுங்க. ஃபிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷைத் தூசி தட்டி எடுத்து அதுல சொருகாதீங்க. சிலதுல கேமராவைத் தொடற முனையில 200 வோல்ட்டுக்கு மேல வரும். டிஜிட்டல் கேமராவோட உள்சர்க்யூட் அதைத் தாங்காது.

8. துடைக்கிறதும் வைக்கிறதும்

முந்தானையால துடைக்காதே. துணியில இருக்கிற தூசிதான் லென்ஸைக் கீறும். ரப்பர் ஊதுகுழல்ல ஊது, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில விடு, லென்ஸ் மேல ஊத்தாதே. கடற்கரையில லென்ஸை நீட்டி வச்சுட்டு அரட்டை அடிக்காதே. ஒரு மணல் துகள் அந்தக் குழாய்க்குள்ள போனா போதும்.

உறைக்கு லெதர் வேண்டாம். நம்ம கடற்கரை ஊர் ஈரத்துல லெதர் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும். மூக்குக் கண்ணாடி உறையோ, தையல்காரர்கிட்ட பஞ்சு வச்சுத் தைச்ச பையோ போதும். மழைக்கு ஒரு ஜிப் கவர். ஏசி ரூம்ல இருந்து வெயிலுக்குப் போறப்பவும் அதே கவர்ல போட்டு மூடி, கேமரா சூடு ஏறினதும் வெளிய எடு. திடீர்னு எடுத்தா லென்ஸ் வியர்க்கும்.

ரொம்ப நாள் வைக்கப் போறேன்னா, பேட்டரியைக் கழட்டிட்டு, இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வை. ஜெல் நிறம் மாறினா சூடு பண்ணி மறுபடி பயன்படுத்தலாம். ஆனா சமையல் பாத்திரத்துல வறுக்காதே, நீல ஜெல்லுல கோபால்ட் இருக்கு. அரிசிக்குள்ள புதைக்காதே, மாவுத் தூசிதான் மிச்சம். புடவைக்குப் போடற நாப்தலீன் உருண்டையும் கற்பூரமும் இருக்கிற பீரோ தட்டுல கேமராவை வைக்கவே கூடாது, கேமரா கையேடுகள்லயே வேண்டாம்னு போட்டிருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை வெளிய எடு, பேட்டரியைப் போடு, ஜூமை ரெண்டு தரம் முன்னும் பின்னும் ஓட்டு, நாலு படம் எடுத்துட்டுத் திரும்ப வை.