கண்கட்டிய பொறுப்பு

ஒருவர் பொதுப் பதவி ஏற்கும்போது அவர்தம் செல்வம் வீட்டில் தங்கிவிடுவதில்லை. அவரோடு அலுவலகத்துள்ளும் புகுந்துவிடுகின்றது. மருந்துக் கம்பனியொன்றிற் பங்குடைய ஒருவர் சுகாதாரப் பகுதிக்குத் தலைவராயின், மருந்து விலை பற்றி அவர் இடும் ஒவ்வொரு கையொப்பமும் ஐயத்துக்கு இடமாகும். அவர் நேர்மையாளராயிருப்பினும் அவ்வையம் நீங்காது. இதனையே நலமுரண் என்கின்றோம். களவு நிகழ்ந்ததா என்பதன்று இங்கு வினா. ஒருவர் உள்ளம் இரு பக்கமும் இழுபடும் நிலையில் வைக்கப்பட்டதா என்பதே வினா.

சொத்தை விற்றுவிடுதல் இதற்கு நேரான மருந்து. 1953 ஆம் ஆண்டில், ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் தலைவராயிருந்த சாள்ஸ் வில்சன் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராக நியமிக்கப்பட்டபோது, செனற் சபை வற்புறுத்தியமையால் அக்கம்பனிப் பங்குகளை விற்க இசைந்தார். விற்க விரும்பாதார்க்கும் இயலாதார்க்கும் வகுக்கப்பட்ட மற்றொரு வழியே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குருட்டு நம்பிக்கை' என்றாகி மூடக் கொள்கையைக் குறித்துவிடும்! ஆதலின் 'கண்கட்டிய பொறுப்பு' என வழங்குவாம். இது பிறவிக் குருடன்று. காந்தாரியைப் போலத் தானே விரும்பிக் கட்டிக்கொண்ட கட்டு.

இதன் இலக்கணத்தை அமெரிக்காவில் வரையறுத்தது, வோட்டர்கேற் விவகாரத்தின் பின் எழுந்த 1978 ஆம் ஆண்டின் அரசாங்க ஒழுக்கச் சட்டம். பதவியாளர் தம் பங்குகளை வங்கி, சட்டத்தரணி, முதலீட்டு ஆலோசகர் போன்ற ஒருவரிடம் ஒப்படைப்பர். அப்பொறுப்பாளர் அவர்க்கு உறவினராகவோ வேறு வகையிற் கட்டுப்பட்டவராகவோ இருத்தலாகாது. விற்பதும் வாங்குவதும் பொறுப்பாளர் முடிவே. பதவியாளர் மொத்தப் பெறுமதியை அறியலாம். பணம் எக்கம்பனியில் இடப்பட்டுள்ளது என்பதை அறியலாகாது. அந்நிதிக்குரிய வருமான வரிப் படிவத்தையும் பொறுப்பாளரே நிரப்புவார். அன்றேற் படிவமே இரகசியத்தைச் சொல்லிவிடும்.

மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்று இங்குண்டு. ஒப்படைத்த அன்றே கண் மூடப்படுவதில்லை. தாம் கொடுத்தது இன்ன கம்பனிப் பங்கு என்பது கொடுத்தவர்க்குத் தெரியும்; தெரிந்ததை மறக்கச் செய்யும் சட்டம் எதுவுமில்லை. ஆதலால் அப்பழைய பங்கு விற்கப்பட்டது, அல்லது அதன் பெறுமதி 1,000 டொலருக்குக் கீழ் இறங்கியது எனப் பொறுப்பாளர் அறிவிக்கும்வரை, அஃது அவர் கையிலேயே உள்ளதாகச் சட்டம் கொள்ளும். விற்ற பணத்தைக்கொண்டு வாங்கிய புதிய பங்குகள் பற்றியே அவர் மெய்யாகக் காணாதவர்.

அங்ஙனமாயின், விற்று மாற்ற இயலாத சொத்து யாதாகும்? ஜிம்மி காட்டர் 1977 இல் ஜனாதிபதியானபோது, ஜோர்ஜியா மாநிலத்துப் பிளெயின்ஸ் என்னும் சிற்றூரில் அவர் குடும்பத்துக்கு நிலமும், நாம் கச்சான் என்னும் நிலக்கடலைக்கான பண்டகசாலையும் இருந்தன. நலமுரண் பற்றிய 1962 ஆம் ஆண்டின் குற்றவியற் சட்டம் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்துவதன்று. எனினும் அவர் தாமாகவே தம் உரிமைகளைச் சாள்ஸ் கேபோ என்னும் அட்லாண்டாச் சட்டத்தரணியிடம் ஒப்படைத்தார். கேபோ அவர்தம் நெருங்கிய நண்பர். மறு ஆண்டிற் பிறந்த சட்டத்தின் அளவுகோலில் அத்தெரிவு தேறியிருத்தல் அரிதென்பது எம் கருத்து. அன்றியும், பிளெயின்சில் உள்ளது கச்சான் பண்டகசாலை என்பதை அதன் உரிமையாளர் அறியாதிருத்தல் எங்ஙனம்? கச்சான் விலையை அரசாங்கம் தாங்கிநின்ற காலம் அது.

பொறுப்பு ஒப்படைத்தமையால் ஐயமும் ஓயவில்லை. பண்டகசாலை பெற்ற வங்கிக் கடன்கள் பற்றி 1979 இல் விசேட விசாரணை நிகழ்ந்தது; அப்பணம் தேர்தலுக்குத் திருப்பப்படவில்லை என முடிவாயிற்று. 1981 இற் பதவி நீங்கி ஊர் திரும்பிய காட்டர், தாம் பாராதிருந்த நான்கு ஆண்டுகளில் அத்தொழில் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட கடனில் மூழ்கியிருக்கக் கண்டார். பண்டகசாலையை விற்க நேர்ந்தது. கட்டு உண்மையானதாயின் அதற்கு விலையும் உண்டு. அவ்விலையை முழுதுங் கொடுத்தவர் அவர்.

கனடாவிற் போல் மாட்டின் 1993 முதல் 2002 வரை நிதி அமைச்சராயிருந்தபோது, அவருடைய கப்பற் கம்பனியின் நிருவாகம் பிறர் கையில் விடப்பட்டிருந்தது. கப்பல்கள் தம்முடையன என்பது அவர்க்குத் தெரிந்ததே, ஊரார்க்கும் தெரியும். 2003 இல், பிரதமராகு முன்னர், கம்பனியைத் தம் புதல்வர்களுக்கு மாற்றினார். சட்டத்துக்கு அது போதும். எமக்கோ திருதராட்டிரன் நினைவு வருகின்றது. கண் காணாத அவ்வரசனுக்கு மகன்மேல் வைத்த பற்றுக் குறைந்ததில்லையே.

அமெரிக்காவில் 1989 முதல் வேறொரு வாயிலும் திறந்துள்ளது. நலமுரண் காரணமாகச் சொத்தை விற்கப் பணிக்கப்பட்டோர், அப்பணத்தை அரசாங்கப் பிணைமுறிகளிலோ பலதுறை முதலீட்டு நிதிகளிலோ இடுவாராயின், இலாபத்தின் மீதான வரியைப் பிற்போடலாம். பொறுப்பாளர்க்குக் கூலி கொடுத்துக் கண்ணைக் கட்டிக்கொள்வதினும் இஃது எளிதாகலின், இவ்வழியை நாடுவோர் பலர்.