தட்டின் எடை

ஈப்போவில் நம் கடைக்கு எடைக்கல் போய் மின் தராசு வந்ததும், இயந்திரம் பொய் சொல்லாதென்று நாம் நிம்மதியாயிருந்தோம். ஒருநாள், ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுவைக்கு நின்றே தலை நரைத்த மூதாட்டி ஒருவர், "பாய், கருவாட்டோடு தட்டுக்கும் காசா?" என்றார். பார்த்தால், தட்டின் எடையைக் கழிக்கும் பொத்தானைப் பையன் அழுத்தவில்லை; 40 கிராம் கூடுதல்!

1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டப்படி தராசுக்கு முத்திரை உண்டுதான். அம்முத்திரை தராசைப் பற்றியதேயன்றி, நிறுப்பவரைப் பற்றியதன்று. வாங்கும்போது நிறைவாகவும் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்போர்க்குக் கேடென்றே திருமறையின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. மதரஸாவில் அதை ஓதியவர்கள்தாமே நாம்!

இப்போது வெறுந்தட்டை முதலில் வைத்து, எண் பூஜ்யமாவதை வாங்குவோரும் காணும்படி செய்கிறோம். மூதாட்டிக்குக் காசைத் திருப்பிவிட்டோம். அவருக்குமுன் வாங்கிச் சென்றவர்களை எங்கே தேடுவது?